டெரெக் பியெட்டிலாவின் நூற்றுப் பத்தொன்பதாம் நாள்

டெரெக் பியெட்டிலா ஒரு நாளில் எத்தனை முறை தன் பெயரைத் தேடுகிறான் என்பதற்கு அவனிடம் கணக்கில்லை. டார்லீனிடம் இருந்தது. மருந்தகத்துச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையின் மூலையில் அவள் கோடு கிழித்து வைத்திருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குள் முப்பத்தொரு கோடு.

மாநில மருந்தாளுநர் வாரியத்துக்கு ஓர் இணையப் பக்கம் உண்டு. எந்த மருந்தாளுநரின் பெயரையும் யார் வேண்டுமானாலும் அதில் அடித்துப் பார்க்கலாம். லைசென்ஸ் இருந்தால் எண்ணோடு வந்து நிற்கும். தேர்வு எழுதியவனுக்கு முறையான கடிதம் போவதற்கு முன்பே பெயர் அங்கே ஏறிவிடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆகவே டெரெக் அடித்தான். 'இப்பெயரில் எவரும் இல்லை' என்றது பக்கம். தன் பெயரைத் தானே தேடி அப்படி யாரும் இல்லை என்று அறிந்துகொள்வது ஞானிகளுக்கு உவப்பாக இருக்கலாம். டெரெக் ஞானி அல்ல, மருந்தாளுநர். அதுவும் இன்னும் முழுதாக இல்லை.

வயது இருபத்தாறு. சொந்த ஊர் குளோக்கே. அப்பா அங்கே காகித ஆலையில் வேலை, அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில். எட்டு வருடம் மருந்தியல் படித்துப் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளும் தகுதியோடு வீட்டுக்கு வந்தவனை, அப்பா படகில் ஏற்றிக்கொண்டு மீன் பிடிக்கப் போனார்.

"அப்போ நீ டாக்டர்."

"ஆமாப்பா."

"எனக்கு முட்டி வலிக்குது. பாத்துச் சொல்லு."

"நான் அந்த டாக்டர் இல்லப்பா."

அப்பா தூண்டிலில் புழுவை மாட்டினார். "சரி. எந்த டாக்டரா இருந்தா என்ன, இனிமே வேலைக்குப் போவேல்ல?"

"இன்னும் ஒரு வருஷம் ஆஸ்பத்திரில பயிற்சி இருக்குப்பா."

"எட்டு வருஷம் அப்படி என்னதான் சொல்லிக்குடுத்தாங்க?"

பாதிச் சம்பளத்துக்கு இரண்டு மடங்கு வேலை செய்யும் இந்த ஒரு வருடத்துக்கு ரெசிடென்ஸி என்று பெயர். அதில் சேர்வது கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் படலம். மருத்துவமனைகள் பிள்ளைகளைப் பார்க்கும், பிள்ளைகள் மருத்துவமனைகளைப் பார்க்கும். யாருக்கு யாரை எவ்வளவு பிடித்தது என்று இரு தரப்பும் வரிசை எழுதி ஒரு கணிப்பொறியிடம் கொடுத்துவிட வேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு காலை அது பொருத்தம் பார்த்து முடிச்சுப் போட்டுவிடும். பிறகு யாரும் வாக்கு மாறக்கூடாது. டெரெக்குக்கு அமைந்தது துலூத் நகரத்து மலைச்சரிவில், ஏரியைப் பார்த்தபடி நிற்கும் பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம், பெரிய மருத்துவமனைகளுக்கெல்லாம் வக்கீல்கள் உண்டு. ஜூலை முதல் தேதி தாலிக்குப் பதிலாக ஒரு பேஜரை அவன் இடுப்பில் கட்டினார்கள்.

ரெசிடென்ஸிக்கு ஒரு நிபந்தனை உண்டு. சேர்ந்த நாளிலிருந்து நூற்றிருபது நாளுக்குள் லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும். வாங்காதவன் பேஜரை அவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போனவனை எந்தக் கணிப்பொறியும் மறுபடி அவ்வளவு சுலபமாகப் பொருத்திவைக்காது. டெரெக் விரும்பியது தொற்றுநோய் மருந்துகளில் தேர்ந்தவனாக ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை. அந்த வேலைக்கு இந்த வருடம்தான் வாசல். வேறு வழி கிடையாது.

மருந்துகளைப் பற்றிய பெரிய தேர்வில் அவன் முதல் முயற்சியிலேயே தேறிவிட்டான். காலை வாரியது சட்டத் தேர்வு. எந்த நோயாளிக்கு எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவனிடம், குதிரைக்கு எழுதிய சீட்டு எத்தனை மாதம் செல்லும் என்று கேட்டார்கள். தொலைநகலில் வந்த தாளை எத்தனை ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று கேட்டார்கள். மருந்தகத்தில் கை கழுவும் தொட்டியில் வெந்நீர் வந்தே ஆக வேண்டுமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்று அழுத்தினான். ஆகஸ்டு மாதத்தில் முடிவு வந்தது. தேறவில்லை.

அதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். டார்லீனிடம் சொன்னான். டார்லீன் மாக்கி அந்த மருந்தகத்தில் இருபத்தொன்பது வருடமாக டெக்னீஷியன். மருந்து எடுப்பது, கலப்பது, லேபிள் ஒட்டுவது, புதிதாக வரும் டாக்டர்களைப் பதம் பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"இருபத்தொன்பது வருஷமா அந்தக் குழாய்லதான் கை கழுவுறேன்" என்றாள் டார்லீன். "ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"அது பரீட்சை, டார்லீன். உங்களைக் கூட்டிட்டுப் போக விட மாட்டாங்க."

"குழாயையாவது ஒரு நாள் திறந்து பாத்திருக்கலாம்."

அன்றிலிருந்து அவன் பெயர் வெந்நீர். "வெந்நீர், மூணாவது மாடில கூப்பிடறாங்க." "வெந்நீர், உன் பேஜர் கத்துது." அவனோடு சேர்ந்த இன்னொரு ரெசிடென்ட் மாலீ வாங், செயின்ட் பால் நகரத்துப் பெண், இரண்டு தேர்வையும் ஜூலையிலேயே முடித்துவிட்டாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் டெரெக்குக்கு வெந்நீர் ஞாபகம் வந்தது.

மறு தேர்வுக்கு அவனுக்குக் கிடைத்த நாள் அக்டோபர் பத்தொன்பது. முடிவு வர ஏழு வேலை நாட்கள் வரை ஆகலாம். நூற்றிருபதாம் நாள் அக்டோபர் இருபத்தெட்டு. விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் கடைசி நாளில் வரலாம், அடுத்த நாளும் வரலாம். அதனால் அவகாசம் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தான். ஐந்து பேர் கொண்ட கமிட்டி நூற்றுப் பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை பிற்பகல் கூடி முடிவு செய்யும். ஓட்டு சமமாக வந்தால் மனு தள்ளுபடி என்பது விதி.

ஐவரில் பயிற்சி இயக்குநர் ஸ்கோக்லண்டும் இன்னொருவரும் அவன் பக்கம். விதி என்றால் விதி என்று சொல்லும் இருவர் எதிர்ப்பக்கம். நடுவில் கிரெட்சென் ஓபெர்க்.

கிரெட்சென் தொற்றுநோய் மருந்துகளுக்குத் தலைமை மருந்தாளுநர். ஐம்பத்திரண்டு வயது. மேசை மீது எப்போதும் ஒரு டப்பாவில் பச்சைக் கேரட் துண்டுகள் இருக்கும். கேள்வி கேட்டால் முதலில் ஒரு துண்டைக் கடிப்பாள். அது கோபமா யோசனையா பசியா என்று பதினெட்டு வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. லைசென்ஸ் இல்லாத டெரெக் கணினியில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அவள்தான் மேலொப்பம் போட வேண்டும். அவன் எழுதியதும் திரையின் தலையில் ஒரு மஞ்சள் பட்டை தோன்றும்: 'மேலொப்பத்துக்குக் காத்திருக்கிறது.' கிரெட்சென் அழுத்தியதும் பட்டை மறையும். ஜூலையில் அவள் ஒவ்வொரு சொல்லையும் படித்து, காற்புள்ளி வரை கேள்வி கேட்டாள். ஆகஸ்டில் பாதி படித்தாள். அக்டோபரில் பட்டை தோன்றுவதும் மறைவதும் இமைப்பது போல ஆகிவிட்டது. அதை டெரெக் தன் மேல் வந்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டான். அவளுக்கும் ஒரு நாளைக்கு நூற்றெழுபது பட்டைகள் இருந்தன என்பதை எண்ணவில்லை.

இனி அந்தச் செவ்வாய். நூற்றுப் பதினேழாம் நாள்.

ஆறாவது மாடியில் லவெர்ன் ஹூல் என்ற அம்மாள் படுத்திருந்தார். அறுபத்தேழு வயது, இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இதய வால்வில் கிருமி பிடித்திருந்தது. வான்கோமைசின் என்ற மருந்து அவர் வலது கையில் போட்டிருந்த நீளமான குழாய் வழியாக இரண்டு வேளை ஏறிக்கொண்டிருந்தது. குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் சிறுநீரகம் போய்விடும். அதனால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்து அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருந்தாளுநர் வேலை. சென்ற வாரம் பதினான்கு இருந்தது, நல்ல எண். செவ்வாய் காலை ஒன்பது நாற்பதுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த எண் ஐம்பத்திரண்டு.

வார்டுக்கு போன் செய்து ரத்தம் எடுத்ததைப் பற்றிக் கேட்கலாம் என்று டெரெக்கின் கை ரிசீவருக்குப் போனது. அந்த நேரம் பார்த்து, இன்னொரு திரையில் சுற்றிக்கொண்டே இருந்த வாரியத்தின் பக்கம் நின்றது. திரும்பினான். 'இப்பெயரில் எவரும் இல்லை.' மறுபடி அழுத்தினான். அதற்குள் பேஜர் அலறியது. கேட்க நினைத்தது எங்கோ போயிற்று. மருந்தை உடனே நிறுத்தவும் என்று எழுதினான். மஞ்சள் பட்டை வந்தது, போனது. ஆறாவது மாடியில் ஓடிக்கொண்டிருந்த பையை நிறுத்தினார்கள்.

"முப்பத்திரண்டு" என்றாள் டார்லீன், கோடு கிழித்தபடி.

நண்பகலில் ரெசிடென்டுகளுக்கு ஒரு வகுப்பு உண்டு. பீட்சாவைக் கொடுத்து உட்காரவைத்து, யாராவது ஒருவர் படம் காட்டிப் பேசுவார். அன்று சிறுநீரகம். உப்பு ஏறும் விதம் பற்றிய பன்னிரண்டாவது படத்தில் டெரெக் மெல்லுவதை நிறுத்தினான். லவெர்ன் அம்மாளின் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற அந்த உப்பு சென்ற வாரமும் இதே எண், இன்றும் இதே எண். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது. அப்படியென்றால் மருந்து எப்படி ஐம்பத்திரண்டுக்குத் தேங்கும்? சாக்கடை அடைக்காமல் தெருவில் எப்படி வெள்ளம் வரும்?

"என்ன ஆச்சு?" என்றாள் மாலீ மெதுவாக. "மறுபடி இல்லைன்னு சொல்லிடுச்சா?"

"ரத்தம் எதுலேர்ந்து எடுத்தாங்கன்னு நான் கேக்கல."

மாலீ அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஓடு."

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஆறு மாடி ஏறினான். வார்டு மேசையில் நர்ஸ் ஜோலீன் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஜோலீன், ஹூல் அம்மாவுக்குக் காலைல ரத்தம் எதுலேர்ந்து எடுத்தீங்க?"

"குழாய்லேர்ந்துதான். கைல நரம்பே கெடைக்கல, பாவம்."

"மருந்தும் அதே குழாய்லதான போகுது?"

"எடுக்கறப்போ நிறுத்திட்டுத்தான் எடுத்தேன்."

"எவ்ளோ நேரம் நிறுத்துனீங்க?"

"எடுக்கற நேரம்."

ஐம்பத்திரண்டு என்பது லவெர்ன் அம்மாளின் ரத்தத்தில் இருந்த மருந்தின் எண் அல்ல. குழாயின் சுவரில் ஒட்டியிருந்த மருந்தின் எண்.

"ஓ" என்றாள் ஜோலீன். அந்த ஊரில் அந்த ஒற்றை எழுத்துக்குள் மன்னிப்பு, துக்கம், பருவநிலை பற்றிய கருத்து எல்லாம் அடங்கும்.

நோயாளியிடம் சொல்ல வேண்டியது டாக்டர் என்று ஜோலீன் சொல்வதற்குள் டெரெக் அறைக்குள் போயிருந்தான். லவெர்ன் அம்மாள் மகள் கொண்டுவந்த காட்டரிசி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நீதான் என் பைய நிறுத்தினவனா?"

"ஆமாம்மா. தப்பா நிறுத்திட்டேன். ரத்தம் எடுத்த எடத்துல கோளாறு. நான் கேட்டிருக்கணும், கேக்கல."

"பிள்ளைங்கள எண்ணாம வண்டிய எடுத்துட்ட."

"ஆமாம்மா."

"சாகப் போறேனா?"

"நாலஞ்சு மணி நேரம்தான் தாமதம். அதனால இல்லம்மா."

"அதனால இல்லன்னா, வேற எதனால?"

லவெர்ன் அம்மாள் ஒரு கரண்டி சூப் குடித்தார். "பரவால்ல, மூஞ்சியப் பாத்தா உனக்குத்தான் ஒடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு. ஜோலீனைக் குத்தச் சொல்லு. நீ குத்தாத."

இடது கையில் நான்காவது குத்தில் ரத்தம் கிடைத்தது. புது எண் பதினைந்து. இரண்டு மணிக்குப் பை மறுபடி ஓடியது. நடந்தது இவ்வளவுதான். யாரும் சாகவில்லை, வெளியே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

தவறுகளுக்கு அந்த மருத்துவமனையில் ஒரு படிவம் உண்டு. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். யார் எழுதினார், யார் மேலொப்பம் இட்டார், எத்தனை மணிக்கு என்பதைக் கணினி தானே இட்டுக்கொள்ளும். டெரெக் அதைத் திறந்து பார்த்தான். எழுதியது: 9:41. மேலொப்பம்: 9:41. கிரெட்சென் படிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. லைசென்ஸ் இல்லாதவன் செய்த தவறு மேலொப்பம் போட்டவர் லைசென்ஸின் மேல்தான் போய் உட்காரும்.

டார்லீன் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இத நீ இப்ப அனுப்பினா, விசாரணை முடியற வரைக்கும் கிரெட்சென் உன் விஷயத்துல ஓட்டுப் போட முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப ரெண்டுக்கு ரெண்டு. சமமா வந்தா நீ குளோக்கேக்குப் போய் காகிதம் செய்யலாம்."

"தெரியும் டார்லீன்."

"வெள்ளிக்கிழம அனுப்பேன். அந்தம்மா நல்லாத்தான இருக்காங்க."

"இருபத்துநாலு மணி நேரம்னு போட்டிருக்கு."

"வெந்நீர் வேணும்னுந்தான் போட்டிருந்துச்சு. அப்ப சட்டத்த மதிச்சியா?"

முதலில் கிரெட்செனிடம் போனான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஐம்பத்திரண்டு, குழாய், பதினைந்து, படிவம், 9:41. கடைசி எண்ணைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. கிரெட்சென் ஒரு கேரட்டைக் கடித்தாள். அந்த ஓசை முடிய நெடுநேரம் ஆனது.

"அனுப்பிட்டியா?"

"உங்ககிட்ட சொல்லிட்டு அனுப்பலாம்னு."

"அனுப்பாதேன்னு நான் சொன்னா?"

"அது..."

"அதையும் சேத்து எழுதணும் நீ. படிவத்துல கட்டம் போதாது." திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போ. எனக்கு இன்னும் அறுபது பட்டை இருக்கு. இன்னைலேர்ந்து படிச்சித் தொலைக்கணும்."

நாலு பத்துக்கு அனுப்பினான். ஏன் அனுப்பினான் என்று கேட்டால் நேர்மை என்று சொல்ல அவனுக்கே கூச்சமாக இருக்கும். ஏற்கெனவே ஒன்றுக்காகக் காத்திருந்த உடம்பில் இன்னொன்றுக்காகக் காத்திருக்க இடமில்லை என்பது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். அனுப்பிய கையோடு வாரியத்தின் பக்கத்தை அழுத்தினான்.

புதன்கிழமை எண்பத்தெட்டு கோடு. மாலை ரவுண்ட்ஸில் மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, என்ன கேட்டார் என்று மாலீயிடம் விசாரித்தான். அம்மா போன் செய்து ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சமைக்கட்டும் என்றாள். ஞாயிறன்று நான் எங்கே இருப்பேன் என்றே தெரியாது என்று சொன்னவன், அம்மா பயந்ததும், இறைச்சியோடு அடுக்கிச் சுட்டெடுக்கும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் என்றான்.

வியாழன். ஏரியிலிருந்து காற்று பனித்தூளை வாரிக்கொண்டு வந்தது. கமிட்டி அறை தரைக்குக் கீழே, சலவைப் பகுதிக்குப் பக்கத்தில். கதவுக்கு வெளியே இரண்டு நாற்காலி. பிற்பகல் இரண்டுக்கு டெரெக் ஒன்றில் உட்கார்ந்தான். எழுந்தான். உட்கார்ந்தான். அங்கே செல்போனுக்கு அலை கிடையாது. கையிலிருந்த போன் வெறும் கண்ணாடித் துண்டு. அதையும் நான்கு முறை அழுத்திப் பார்த்தான்.

பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. கிரெட்சென் வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். டப்பாவும் வந்திருந்தது.

"நான் ஓட்டுப் போடக்கூடாதாம். விதி."

"மன்னிச்சுக்குங்க."

"எதுக்கு? உள்ள சூடு தாங்கல." ஒன்றைக் கடித்தாள். டப்பாவை அவன் பக்கம் நீட்டினாள். அவன் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

உள்ளே யாரோ எதையோ படிப்பது கேட்டது. 'பிரிவு நான்கு' என்ற சொல் இரண்டு முறை வந்தது. சலவை இயந்திரங்கள் சுற்றின. டெரெக்கின் முழங்கால் தனி வாழ்க்கை நடத்திக்கொண்டிருந்தது.

"காலை ஆட்டாதே. என் நாற்காலியும் ஆடுது."

அப்போது பேஜர் அலறியது. செல்போனுக்கு எட்டாத இடத்திலும் பேஜருக்கு எட்டும். அது அந்த ஜாதி. யாருக்கோ இதயம் நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். குனிந்து படித்தான். மருந்தகத்து எண். கீழே ஒரே வரி.

'வெந்நீர் வந்தாச்சு. பேர் ஏறிடுச்சு, எண்ணோட. நானே பாத்தேன். டார்லீன்.'

இரண்டாவது முறையும் படித்தான். பிறகு பேஜரை கிரெட்செனிடம் நீட்டினான். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தாள்.

"வெந்நீர்னா என்ன?"

"அது ஒரு பெரிய கதை."

எழுந்து கதவருகே போனான். தட்டுவதற்குக் கையை மடக்கினான்.

"ஓட்டெடுப்பு நடக்கறப்போ கதவத் தட்டக்கூடாது" என்றாள் கிரெட்சென். "பிரிவு ஆறு."

"நெஜமாவா?"

அவள் இன்னொரு கேரட்டை எடுத்தாள். அவன் கை அந்தரத்தில் நின்றது. தட்டினால் எல்லாம் இந்த நொடியே முடிந்துவிடும். ஆனால் உள்ளே நாலு பேர் அவனைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது இனி எப்போதும் தெரியாமல் போய்விடும். நான்கு மாதத்தில் முதல் முறையாக ஒரு முடிவுக்காகப் பயமில்லாமல் காத்திருக்கலாம். வந்து உட்கார்ந்தான். முழங்கால் அதைக் கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஆடியது.

இருபது நிமிடம் கழித்து ஸ்கோக்லண்ட் வெளியே வந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் பருவநிலை பற்றி இரண்டு வாக்கியம் பேசாமல் இருக்க அவரால் முடியாது.

"வெளில பனி ஆரம்பிச்சிடுச்சாமே. இந்த வருஷம் சீக்கிரம்தான், என்ன. டெரெக்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரெண்டுக்கு ரெண்டு. சமமா வந்தா தள்ளுபடின்னு உனக்கே தெரியும். ரொம்ப வருத்தமா இருக்கு. நாளைக்கு ராத்திரி பன்னிரண்டு வரைக்கும்..."

டெரெக் பேஜரை நீட்டினான். ஸ்கோக்லண்ட் படித்தார். திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"இருபது நிமிஷம் ஆச்சு சார்."

"சொல்லியிருக்கலாமேப்பா. நாங்க உள்ள ஒருத்தர ஒருத்தர் கடிச்சிக் குதறிட்டிருந்தோம்."

"கதவு மூடியிருந்துச்சு" என்றாள் கிரெட்சென்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனார். அன்றைய மினிட்ஸில் இப்படிப் பதிவாகியிருக்கிறது: மனு நிராகரிக்கப்பட்டது. மனு தேவையற்றது என அறியப்பட்டது. இரண்டாவது தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மாடிப்படியில் டெரெக் கேட்டேவிட்டான். "நீங்க ஓட்டுப் போட்டிருந்தா என்ன போட்டிருப்பீங்க?"

கிரெட்சென் இன்னும் இரண்டு படி ஏறினாள். "சொன்னா அதுக்கும் ஒரு படிவம் அனுப்புவ."

அதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் பெயரவில்லை. இன்று வரை பெயரவில்லை.

மருந்தகத்தில் டார்லீன் ஒரு மருந்து லேபிளை அச்சடித்து அவன் நாற்காலி முதுகில் ஒட்டியிருந்தாள். பியெட்டிலா, டெரெக். கீழே லைசென்ஸ் எண். அதற்கும் கீழே: 'நன்றாகக் குலுக்கிய பின் பயன்படுத்தவும்.' மாலீ பலகையிலிருந்த கோடுகளையெல்லாம் எண்ணி, முந்நூற்றுப் பதினாறு என்று அறிவித்தாள். டெரெக் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து, விரலை நீட்டி, நீர் சுடும் வரை நின்றுவிட்டு வந்தான்.

மூன்றரைக்கு லவெர்ன் ஹூல் அம்மாளின் புது எண் வந்தது. பதினாறு. சரியான எண். கேள்வி கேட்க ஒன்றுமில்லாத எண். இதே அளவு தொடரவும் என்று எழுதி அழுத்தினான். திரையின் தலையில் கண் போனது. மஞ்சள் பட்டை இல்லை. காத்திருக்கவும் இல்லை, மறையவும் இல்லை. அவன் எழுதியது அப்படியே போய் ஆறாவது மாடியில் உட்கார்ந்துவிட்டது. பழக்கத்தில் கிரெட்செனின் மேசையைத் திரும்பிப் பார்த்தான். அவள் வேறு யாருடையதையோ, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான், வைத்தான். வாரியத்தின் பக்கத்தைத் திறந்தான். பெயர் இருந்தது. மறுபடி அழுத்தினான். அப்போதும் இருந்தது. அது உதவவில்லை.

"எங்க போற?" என்றாள் டார்லீன்.

"ஆறாவது மாடி வரைக்கும்."

"போன் இருக்கே."

அவன் அதற்குள் படிக்கட்டுக் கதவைத் தள்ளியிருந்தான். டார்லீன் பலகையை நன்றாகத் துடைத்துவிட்டு, மூலையில் புதிதாக ஒரு கோடு கிழித்தாள்.

லவெர்ன் அம்மாள் சன்னலில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வந்து நிற்பவனைக் கண்டதும் போர்வையை விலக்கினார்.

"இப்ப என்னத்த நிறுத்தப் போற?"

"எதையும் நிறுத்தலம்மா. மத்தியானம் எந்தக் கைல ரத்தம் எடுத்தாங்கன்னு கேக்க வந்தேன்."

அவர் இடது கையை நீட்டினார். முழங்கை மடிப்பில் பஞ்சு, அதன் மேல் ஒட்டுநாடா, சுற்றிலும் குத்துப்பட்ட நீலப் புள்ளிகள்.

"இந்தா" என்றார். "எண்ணிக்கோ."